கழுத்தில் ஒரு குழி, அம்மா மேல் ஒரு பழி

வடோதராவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. எங்கள் அபார்ட்மென்டில் தமிழ்க் குடும்பங்கள் மொத்தம் நாலு. ரயில் டிக்கெட் கன்ஃபர்ம் ஆகவில்லை என்பதிலிருந்து பிள்ளைக்கு எந்த ஸ்கூல் என்பது வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஒருவர் வீட்டுக் கதவை ஒருவர் தட்டுவோம். நான் ஒரு கெமிக்கல் ஆலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். பம்ப், பைப், வால்வு இதுதான் என் உலகம். உயிரியலை பிளஸ் டூவோடு கும்பிட்டு விட்டுவிட்டவன். அப்படிப்பட்டவன் எதற்குக் கருவளர்ச்சி பற்றி எழுதுகிறேன் என்றால், 2024 செப்டம்பரில் மூணாவது மாடியில் நடந்த ஒரு சண்டைதான் காரணம்.

மூணாவது மாடியில் ஒரு திருநெல்வேலிக் குடும்பம். அவர் பேங்கில், அந்தப் பெண் எம்.சி.ஏ. படித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். கூட அவருடைய அம்மா. ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. குழந்தையின் கழுத்தில், வலது பக்கம் கொஞ்சம் கீழே, ஊசி குத்தின மாதிரி ஒரு சின்னக் குழி. பிறந்ததிலிருந்தே உண்டு. எப்போதாவது அதில் ஈரம் கசியும். அந்த மாதம் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்துவிட்டது. டாக்டரிடம் போனார்கள். "பிறவியிலேயே வர்றதுதான், பயப்படாதீங்க, புண் ஆறினதும் ஒரு ஆபரேஷன்ல எடுத்துடலாம்" என்று சொல்லி, சீட்டில் 'பிராங்கியல் ஃபிஸ்டுலா' என்று எழுதிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நம்ம பேங்க்காரர் கூகுளில் தேடியிருக்கிறார். 'பிராங்கியா' என்றால் கிரேக்க மொழியில் செவுள். மீனுக்கு இருக்குமே, அதே செவுள்தான். "நாம எல்லாரும் கருவுல மீனாத்தான் இருந்தோம், நம்ம பாப்பாவுக்கு அது மறையாம நின்னு போச்சு" என்று வீட்டில் அறிவித்துவிட்டார். கேட்டதும் அந்த அம்மாவுக்கு வந்ததே கோபம்! நான் போனபோது என்னிடமே ஆரம்பித்தார்.

"பாருங்க தம்பி, பெத்த புள்ளைய மீனுங்கான். கிரகணத்தன்னைக்கு வெளிய போவாத, வெளிய போவாதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா இவ? அதான் புள்ள கழுத்துல வந்து நிக்கி."

இது போதாதென்று கோயமுத்தூரிலிருந்து மச்சான் போன். "மாப்ளே, அந்தக் கரு படமெல்லாம் ஒரு ஜெர்மன்காரன் ஃபோர்ஜரி பண்ணினது. பரிணாமமே பொய்" என்று ஒரு வீடியோவையும் அனுப்பியிருந்தார்.

ஆக, ஒரு குழிக்கு மூன்று விளக்கம். கிரகணம், மீன், மோசடி. மூன்று பேரும் பேசினார்கள். பேசாமல் இருந்தது ஒரே ஒருத்திதான். இரண்டு நாள் கழித்து லிஃப்டில் பார்த்தபோது கேட்டாள். "அண்ணா, அன்னிக்கு நான் காய்ஞ்ச துணி எடுக்க பால்கனிக்குப் போனது நெஜந்தான். ஒருவேளை அதனாலதான் இருக்குமோ?"

எம்.சி.ஏ. படித்த பெண் கேட்ட கேள்வி இது. படிப்பு வேறு, பயம் வேறு. அதுவும் பெற்றவளின் பயம். என் கீழ்வீட்டு டாக்டரைப் பிடித்து, இரண்டு மூன்று புத்தகத்தையும் புரட்டி, எனக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மீன் கதைக்கு வருவோம்.

ஊரில் சந்தையில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கி, சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்போமில்லையா? அந்தச் செவுளைத் தாங்கி நிற்கும் வளைவு வளைவான எலும்புகள், மீன் கருவாக இருக்கும்போது தொண்டையின் இரண்டு பக்கமும் வரிசையாகத் தோன்றும் மேடுகளிலிருந்து உருவாகின்றன. மேட்டுக்கு மேடு நடுவே ஒரு பள்ளம். மனிதக் கருவிலும், நாலாவது ஐந்தாவது வாரத்தில், அதே இடத்தில் அதே மாதிரி மேடுகளும் பள்ளங்களும் வருகின்றன. கோழிக்கும் உண்டு, ஆமைக்கும் உண்டு, மாட்டுக்கும் உண்டு.

ஆனால் நமக்கு அவை ஒரு நாள்கூடச் செவுளாக இருப்பதில்லை. அதில் மூச்சு விடுவதில்லை. செவுளின் இதழ்கள் முளைப்பதில்லை. மீனில் அந்த மேடுகள் தாடையாகவும் செவுளாகவும் போகின்றன. நம்மில் அதே மேடுகள் கீழ்த்தாடை, காதுக்குள் இருக்கும் சிற்றெலும்புகள், நாக்குக்கு அடியில் உள்ள எலும்பு, குரல்வளையின் குருத்தெலும்பு என்று ஆகின்றன. ஒரே மாவுதான். அங்கே இட்லி, இங்கே தோசை. தோசையைப் பார்த்து "இது கொஞ்ச நேரம் இட்லியாக இருந்தது" என்று யாராவது சொல்வார்களா? அதே தப்பைத்தான் பேங்க்காரர் செய்தார்.

இந்தத் தப்பு அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் பழசு. எர்ன்ஸ்ட் ஹேக்கல் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1866இல் இதை ஒரு விதியாகவே எழுதினார். ஒவ்வொரு உயிரும் கருவில் வளரும்போது தன் மூதாதையரின் முழு வரலாற்றையும் சுருக்கமாக மறுபடி நடித்துக் காட்டுகிறது என்பது அந்த விதி. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! அம்மா வயிற்றுக்குள் பத்து மாதத்தில் ஐம்பது கோடி வருஷத்துப் படம் ஓடுகிறதாம். அழகாக இருந்ததால்தான் இவ்வளவு நாள் பிழைத்துக் கிடக்கிறது.

நம்மவர்களுக்கு ஹேக்கல் அவ்வளவு அந்நியர் இல்லை. 1864இல் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேயர், லெமூர் என்ற விலங்கு மடகாஸ்கரில் எப்படி என்பதை விளக்க, கடலில் மூழ்கிய 'லெமூரியா' என்ற ஒரு கண்டத்தைக் கற்பனை செய்தார். மனித இனமே அங்கேதான் தோன்றியிருக்கும் என்று சொல்லி அதைப் பரப்பியவர் இதே ஹேக்கல். பிறகு அது நம் ஊர் மேடைகளில் குமரிக் கண்டமாக மாறிய கதை உங்களுக்கே தெரியும். கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்த பிறகு விஞ்ஞானத்துக்கு லெமூரியா தேவைப்படவில்லை. நமக்கு மட்டும் இன்னும் தேவைப்படுகிறது :-)

மோசடி என்று மச்சான் சொன்னாரே, அதில் பாதி உண்மை. 1868இல் வந்த தன் புத்தகத்தில் ஹேக்கல் நாய், கோழி, ஆமை மூன்றின் கரு என்று சொல்லி ஒரே அச்சுக்கட்டையை மூன்று முறை அச்சடித்திருந்தார். பாசல் நகரத்து விஞ்ஞானி ரூட்டிமேயர் அதைக் கண்டுபிடித்துப் போட்டு உடைத்தார். அடுத்த பதிப்பில் ஹேக்கல் ஒரே ஒரு படத்தோடு நிறுத்திக்கொண்டார். 1874இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற எட்டுக் கருக்களின் படத்திலும் ஒற்றுமையைக் கூட்டிக் காட்டியிருந்தார். 1997இல் ரிச்சர்ட்சன் என்பவரும் அவருடைய குழுவும் உண்மையான கருக்களைப் புகைப்படம் எடுத்துப் பக்கத்தில் வைத்தபோது வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

ஆனால் இதில் கவனிக்க வேண்டியது, அவரைப் பிடித்தது யார் என்பதுதான். சக விஞ்ஞானிகள். பிடித்த பிறகும் அவர்கள் யாரும் "கருக்களுக்குள் ஒற்றுமையே இல்லை" என்று சொல்லவில்லை. ரிச்சர்ட்சன் எடுத்த புகைப்படங்களிலும் அந்தத் தொண்டை மேடுகள் இருக்கத்தான் செய்கின்றன. கணக்குப்பிள்ளை பொய்க்கணக்கு எழுதினான் என்பதற்காகக் கடையே இல்லை என்று ஆகிவிடுமா?

ஹேக்கலுக்கு முன்னாலேயே இதைச் சரியாகப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். ஃபான் பேயர். இரண்டு சின்னக் கருக்களைச் சாராயத்தில் போட்டுவிட்டு, பெயர் எழுதி ஒட்ட மறந்துவிட்டாராம். பிறகு எடுத்துப் பார்த்தால் பல்லியா, பறவையா, பாலூட்டியா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. 1828இல் அவர் எழுதியதன் சாரம் இதுதான்: ஒரு பெரிய கூட்டத்துக்குப் பொதுவான அம்சங்கள் கருவில் முதலில் தெரிகின்றன, தனித்தனியான அம்சங்கள் பிறகு வருகின்றன. மனிதக் கரு வளர்ந்த மீனைப் போல ஒருபோதும் இருப்பதில்லை. மீனின் கருவைப் போலச் சில விஷயங்களில் இருக்கிறது. அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை. என் பெண்ணின் 12ஆம் வகுப்பு உயிரியல் புத்தகத்தில், ஹேக்கல் இப்படிச் சொன்னார், ஃபான் பேயர் கவனமாக ஆராய்ந்து அதை மறுத்தார் என்று வரிசைப்படுத்தியிருக்கிறது. 1828இல் எழுதினவர் 1866இல் வந்த கருத்தை எப்படி ஆராய்ந்து மறுப்பார்? ஹேக்கல் பிறந்ததே 1834இல்தான்! ஃபான் பேயர் மறுத்தது, மெக்கல், செர் என்று அவருக்கு முன்னால் இருந்தவர்கள் சொன்ன இதே மாதிரிக் கருத்தை. புத்தகம் அதோடு முடித்துக்கொள்கிறது. அப்படியானால் அந்தப் பள்ளங்கள் ஏன்தான் வருகின்றன என்று பிள்ளை கேட்டால் பதில் இல்லை.

பதில் எனக்குப் புரிந்தது என் ஆலையை வைத்துத்தான்.

பழைய ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். எதையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட விடமாட்டார்கள். உற்பத்தி நிற்கக்கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பைப்பை நீட்டு, ஒரு வால்வை மாற்று, பழைய அஸ்திவாரத்தின் மேலேயே புது மெஷினை உட்கார வை. முப்பது வருஷம் கழித்து வரும் புது இன்ஜினியர், "இந்த லைன் எதுக்கு சார் இப்படிச் சுத்திக்கிட்டுப் போகுது?" என்று கேட்பான். அங்கே ஒரு காலத்தில் ஒரு டேங்க் இருந்திருக்கும். டேங்க் போய்விட்டது, வளைவு நிற்கிறது.

உடம்பும் அப்படித்தான். ஒவ்வொரு தலைமுறையும் உயிரோடு பிறந்தாக வேண்டும். வேலையை நிறுத்திவிட்டுப் புது டிராயிங் போட இயற்கைக்கு வழியில்லை. நம் குரல்வளைக்குப் போகும் ஒரு நரம்பு மூளையிலிருந்து கிளம்பி, குரல்வளையைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இடது பக்கத்தில் இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறி வருகிறது. மீனில் அந்த வழி நேர்வழி. செவுளுக்குப் போகும் ரத்தக்குழாயின் பின்னால் போகும் நரம்பு அது. நமக்குக் கழுத்து நீண்டு, இதயம் நெஞ்சுக்கு இறங்கியபோது அந்த நரம்பு கீழே மாட்டிக்கொண்டது. ஒட்டகச்சிவிங்கிக்கு அந்தச் சுற்று பல மீட்டர். தைராய்டு ஆபரேஷன் செய்யும் டாக்டர்கள் இந்த நரம்பைப் பார்த்துப் பார்த்துக் கத்தி வைப்பார்கள். வெட்டுப்பட்டால் குரல் கம்மிவிடும்.

"இதெல்லாம் கற்பனைதானே" என்று மச்சான் கேட்கலாம். நல்ல கேள்வி. கருவை மட்டும் வைத்துக்கொண்டு வரலாறு எழுதக்கூடாது. அதுதான் ஹேக்கல் செய்த தப்பு. கரு சொல்வதை வேறு சாட்சியோடு ஒத்துப்பார்க்க வேண்டும்.

ஒத்துப்பார்த்தும் இருக்கிறார்கள். 1837இல், டார்வின் புத்தகம் வருவதற்கு 22 வருஷம் முன்பே, ரைகர்ட் என்ற ஜெர்மானியர் பன்றிக் கருக்களைப் பார்த்து ஒன்றைச் சொன்னார். நம் காதுக்குள் இருக்கும் மூன்று எலும்புகளில் இரண்டு, பல்லி போன்றவற்றின் தாடை மூட்டு எலும்புகளேதான் என்று. தாடை எலும்பு எப்படிக் காதுக்குப் போகும்? நடுவழியில் அந்த விலங்கு எப்படிச் சாப்பிடும்? பிறகு சுமார் 20 கோடி வருஷம் பழைய புதைபடிவங்கள் கிடைத்தன. மார்கனுகோடான் என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பழைய தாடை மூட்டும் இருந்தது, புதிய மூட்டும் இருந்தது. புது லைன் ஓட ஆரம்பித்த பிறகுதான் பழைய லைனை வேறு வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள்! எந்த மெயின்டனன்ஸ் இன்ஜினியரும் அதைத்தான் செய்வான்.

இன்னொரு சாட்சி இந்த குஜராத்திலேயே இருக்கிறது. டால்ஃபின் கருவில் சில வாரம் பின்னங்கால் மொட்டுகள் தோன்றி, பிறகு மறைந்துவிடும். கடலில் நீந்தும் பிராணிக்குக் கால் எதற்கு? கட்ச் பக்கம் கிடைத்த கால் உள்ள திமிங்கிலத்தின் புதைபடிவத்துக்கு சுனில் பாஜ்பாயும் தெவிசனும் 2000இல் 'கட்ச்சிசீட்டஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஜம்மு பக்கம் காலாகோட்டில் ரங்கா ராவ் என்ற இந்திய நிலவியலாளர் சேகரித்து வைத்திருந்த கற்களுக்குள்ளிருந்து, திமிங்கிலத்தின் நெருங்கிய உறவான, நாலு காலில் நடந்த சின்ன விலங்கு ஒன்று வெளியே வந்தது. 2007இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். பெயர் இண்டோஹையஸ். கரு சொன்னதைக் கல் உறுதி செய்தது. வெள்ளை ரண் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோமே, அப்போது இதையும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

சரி, குழிக்கு வருகிறேன்.

தொண்டை மேடுகளில் இரண்டாவது மேடு மட்டும் வேகமாக வளர்ந்து, கீழே இருக்கும் பள்ளங்களின் மேல் திரை மாதிரி இறங்கி மூடிவிடும். உள்ளே சிக்கிய இடைவெளி பிறகு அடைபட்டு மறைந்துவிட வேண்டும். அதனால்தான் நம் கழுத்து வழவழவென்று இருக்கிறது. சில குழந்தைகளுக்கு அந்த இடைவெளி முழுதாக அடைபடாமல் ஒரு நூல் அளவுக்கு வழி நின்றுவிடும். அதன் வாசல்தான் கழுத்தில் தெரியும் குழி. மீன் திரும்பி வரவில்லை. மூட வேண்டிய ஒரு ஜாயின்ட் சரியாக மூடவில்லை. அவ்வளவே.

இதெல்லாம் நடப்பது கரு உண்டான நாலாவது வாரத்திலிருந்து ஏழெட்டாவது வாரத்துக்குள். இப்போது காலண்டரை எடுங்கள். அந்தக் குழந்தை பிறந்தது 2023 மார்ச்சில். அப்படியானால் கழுத்து மூடும் வேலை 2022 ஆகஸ்ட் பாதிக்குள் முடிந்திருக்க வேண்டும். கிரகணம் எப்போது? 2022 அக்டோபர் 25, தீபாவளிக்கு மறுநாள் சாயங்காலம். அந்தப் பெண்ணுக்கு அப்போது ஐந்தாம் மாதம். அவள் துணி எடுக்கப் பால்கனிக்குப் போனதற்கு இரண்டு மாதம் முன்பே அந்தக் குழி உள்ளே இருந்திருக்கிறது!

இரண்டாம் மாதத்தில் கிரகணம் வந்திருந்தாலும் நிலாவின் நிழல் கருவை ஒன்றும் செய்யாது என்பது வேறு விஷயம். ஆனால் நம்புகிறவரிடம் "உங்கள் நம்பிக்கை தப்பு" என்று சொன்னால் காது மூடிக்கொள்ளும். தேதியைச் சொன்னால் கேட்பார்கள். உதட்டுப் பிளவோடு பிறக்கும் குழந்தைகளுக்கும் இதே கிரகணக் கதைதான் சொல்கிறோம். மேலுதடு ஒட்டிச் சேருவதும் இரண்டாம் மாதத்துக்குள்தான். எத்தனை அம்மாக்கள் எத்தனை வருஷமாக இந்தப் பழியைச் சுமக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

என் கருத்து இதுதான். கருவளர்ச்சிக்கும் பரிணாமத்துக்கும் உள்ள உறவை "நீ கருவில் மீனாக இருந்தாய்" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அது சுவாரஸ்யமான பொய். அந்த ஏணிக் கதைக்குள் விஷமும் உண்டு. ஹேக்கல் மனிதர்களையே 12 தனித்தனி உயிரினங்களாகப் பிரித்து வரிசை வைத்தார். அதில் 'திராவிடர்' ஒரு தனி இனம். மேல்படியில் யார் என்று சொல்ல வேண்டுமா? மற்ற இனத்துப் பெரியவர்கள் வெள்ளைக்காரக் குழந்தைகளின் நிலையில் நின்றுபோனவர்கள் என்று இந்தக் கருத்தை வைத்தே அந்தக் காலத்தில் பலர் வாதாடினார்கள். நம்மை ஆளுவதற்கு அது வசதியாகவும் இருந்தது.

அதே சமயம் "ஹேக்கல் மோசடி, அதனால் எல்லாம் பொய்" என்றும் சொல்லாதீர்கள். மத்தியப் பாடத்திட்டத்தின் 10ஆம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி எடுக்கப்பட்டபோது, 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். அவர்கள் பயந்தது நியாயம். 11ஆம் வகுப்பில் உயிரியல் எடுக்காத பிள்ளைக்கு அதற்குப் பிறகு இதைச் சொல்ல ஆள் இல்லை. வாட்ஸ்அப் மட்டும்தான் உண்டு. வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி சொல்லும் கதையும் போனில்தான் வருகிறது, மச்சான் அனுப்பும் வீடியோவும் அதே போனில்தான் வருகிறது. எது எது என்று பிரித்துச் சொல்ல நாம்தான் இருக்கிறோம்.

சொல்ல வேண்டியது சின்ன விஷயம்தான். நம் உடம்பு பழைய வீட்டை இடிக்காமல் மாற்றி மாற்றிக் கட்டியது. கருவில் அந்தப் பழைய அஸ்திவாரம் கொஞ்ச நாள் கண்ணுக்குத் தெரியும். அதன் மேல் கட்டும்போது சில சமயம் ஒரு ஜாயின்ட் விட்டுப்போகும். அது யார் செய்த பாவமும் இல்லை.

குழந்தைக்கு அந்த வருஷம் டிசம்பரில் ஆபரேஷன் ஆயிற்று. மெல்லிய ஒரு கோடு மட்டும் மிச்சம். அந்த அம்மாவிடம் காலண்டரை வைத்து விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். இரண்டு தடவை எண்ணச் சொன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்படின்னா அது முன்னயே வந்துட்டுங்கிய?" என்றார். ஆமாம்மா என்றேன். உள்ளே பார்த்து மருமகளைக் கூப்பிட்டு, "தம்பிக்குக் காப்பி கொண்டா தாயி" என்றார்.

மருமகளை அவர் 'தாயி' என்று கூப்பிட்டு அன்றைக்குத்தான் நான் முதல்முறையாகக் கேட்டேன். காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.